தொட்ட கை

கும்மிடிப்பூண்டி
6 ஏப்ரல் 1969

அண்ணி,

ஜோசப் எழுதுகிறேன். உங்கள் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள், சோறு பிசைகிற அளவுக்கு விரல் மடங்குகிறது என்று பள்ளிப்பட்டிலிருந்து லாரியில் வந்த ஆள் சொன்னான். தாய் வீட்டில் இருப்பது நல்லது. இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருங்கள்.

இன்று ஈஸ்டர். நான் கோயிலுக்குப் போகவில்லை. இரும்புப் பட்டறையில் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டேன். உலைக்கு முன்னால் நிற்பவன் கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அண்ணன் இல்லாமல் வருகிற முதல் ஈஸ்டர். கல்லறையைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார் என்று பாட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் அண்ணன் மட்டும் ஏன் உள்ளேயே கிடக்கிறார்?

கேஸ் விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். செங்கல்பட்டு கோர்ட்டில் நடக்கப் போகிறது. எங்கள் சங்கத்து வக்கீல் அரசு வக்கீலுக்கு உதவியாக நிற்பார். பெரிய வீட்டு ராஜமாணிக்கம் கூலி அளக்கிற மரக்காலைச் சின்னதாக்கினதும், அண்ணன் அதைக் களத்திலேயே எழுந்து நின்று கேட்டதும், காலனி முழுக்கப் பார்த்தது. அதற்குப் பிறகு தடி விழுந்ததும் எல்லாரும் சிதறிவிட்டார்கள். அடித்த வெளியூர்த் தடியர்கள் ஆந்திரா எல்லையைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் பெயர்கூட யாருக்கும் தெரியாது. கையில் சிக்கியிருப்பவன் ஒருவன்தான், ராஜமாணிக்கத்தின் மகன் வீரராகவன்.

அவனை நான் என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்குத் தை அமாவாசை, பட்டறையில் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கூச்சல் கேட்டு வரப்பில் ஓடினேன். களத்தில் அண்ணன் கிடக்கிறார். அவர் மேல் இவன் குனிந்திருக்கிறான். இவன் கை அண்ணன் கழுத்தில் இருக்கிறது. சட்டையெல்லாம் ரத்தம். என்னைப் பார்த்ததும் எழுந்து வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடிவிட்டான்.

போலீசில் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். ஆனால் நான் கடைசியில் வந்தவன். ஆரம்பத்திலிருந்து பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். கோர்ட்டில் நீங்களும் அவன் பெயரைச் சொன்னால் போதும் என்கிறார் வக்கீல். தைரியமாக இருங்கள்.

ஜோசப்


பள்ளிப்பட்டு
20 ஏப்ரல் 1969

அன்புள்ள ஜோசப்,

சமாதானம் உண்டாகட்டும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். என்னிடமே இல்லாததை உனக்கு எப்படி அனுப்புவது? எழுத்து கோழி கிளறினது போல் இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்துக்குப் பரிசு கொடுத்தார்கள் என்று உன்னிடம் எத்தனை தடவை பெருமையடித்திருக்கிறேன். இப்போது பார்த்துச் சிரித்துக்கொள்.

நீ ஈஸ்டருக்குக் கோயிலுக்குப் போகவில்லை என்பதைப் படித்ததும் கோபம் வரவில்லை. நான் போனேன். போய் என்ன, ஒரு பாட்டும் பாடவில்லை. வாயை மட்டும் அசைத்துவிட்டு வந்தேன்.

ஜோசப், நான் சொல்லப்போவதைக் கடைசிவரை படி. கடிதத்தைக் கிழித்துவிடாதே. வீரராகவன் உன் அண்ணனை அடிக்கவில்லை.

கை ஒடிந்து நான் களத்து மூலையில் கிடந்தேன். மயக்கம் வந்து வந்து போனது. ஆனால் இதைப் பார்த்தேன். அடிக்கச் சொன்னது ராஜமாணிக்கம். "இன்னாடா பாத்துக்கினு கீறீங்க? போடுங்கடா!" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? அறுப்புக்கு ஆள் கூப்பிடுகிற அதே குரல். எல்லாம் முடிந்ததும் தடியர்களைக் கூட்டிக்கொண்டு மேற்குப் பக்கம் போனார். களத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அப்போதுதான் அந்தப் பிள்ளை ஓடி வந்தான். வீட்டிலிருந்து களத்துக்கு வருகிற பித்தளைச் சொம்பு அவன் கையில் இருந்தது. மண்ணில் உட்கார்ந்து உன் அண்ணன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். கழுத்துக்குக் கீழே கை கொடுத்து வாயில் சொம்பை வைத்தான். அவர் உதடு அசைந்தது. அவனிடம் என்னமோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. நீ வந்தது அதற்குப் பிறகு.

அவர் கடைசியாகச் சொன்னது என்ன என்று தெரியாமல் நான் தினமும் செத்துக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். "ஒனுக்கு மயக்கம்மா, படுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அவருக்குத் தோன்றினதை எழுதிக்கொண்டு போனார்.

சிலுவையில் தாகம் என்று சொன்ன ஆண்டவருக்கே புளித்த காடிதான் கிடைத்தது. என் புருஷனுக்குத் தண்ணீர் கிடைத்தது. அதைக் கொடுத்தவன் பெயரைச் சொல்லி நான் கூண்டில் ஏறி, இவன்தான் கொன்றான் என்று சொல்ல வேண்டுமா? என்னால் முடியாது, தம்பி.

உன் அண்ணி,
சம்பூர்ணம்


கும்மிடிப்பூண்டி
4 மே 1969

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. கசக்கிப் போட்டுவிட்டு, பிறகு எடுத்துப் பிரித்துப் படித்தேன்.

யார் வந்து உங்களைப் பார்த்தார்கள்? பெரிய வீட்டு ஆட்கள் பள்ளிப்பட்டு வரைக்கும் வந்தார்களா? அப்படிக் கேட்பது தப்பு என்று தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அண்ணி, நான் பிறந்ததிலிருந்தும் நீங்கள் வாழ வந்ததிலிருந்தும் அந்த ஊரைப் பார்க்கிறோம். டீக்கடையில் நமக்குத் தனி கிளாஸ். கூலி நெல்லை நம் முந்தானையில் மேலேயிருந்து கொட்டுவார்கள், கை பட்டுவிடக்கூடாது என்று. அப்பா வாய்க்காலில் விழுந்து கிடந்தபோது கயிறு போட்டு இழுத்தார்கள், ஒருத்தன்கூடக் கை கொடுக்கவில்லை. அந்த ஊர்க்காரன் கை நம் உடம்பில் படுகிறது என்றால் அது அடிக்கும்போது மட்டும்தான். நான் பார்த்தது அண்ணன் கழுத்தில் அவன் கை. அது வேறு எதற்கு அங்கே போகும்? மடியில் வைத்துக்கொண்டானாம், வாயில் சொம்பை வைத்தானாம்! வலியில் நீங்கள் கண்ட கனவு அது. உங்கள் மனசு நல்ல மனசு, அது உங்களை ஏமாற்றிவிட்டது.

அவர்களே என்ன சொல்கிறார்கள் தெரியுமா? அன்றைக்கு அப்பாவும் மகனும் திருவள்ளூர் கோயிலில் தை அமாவாசைக்குக் குளத்தில் முழுகிக்கொண்டிருந்தார்களாம். ஊரே வந்து சாட்சி சொல்லப் போகிறது. தண்ணீர் கொடுத்தேன் என்று அவனே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் சொல்லாததை நீங்கள் ஏன் சொல்ல வேண்டும்?

ராஜமாணிக்கத்தின் பெயர் போலீஸ் காகிதத்தில் எங்குமே இல்லை. நீங்கள் ஒருவர் மட்டும் சொன்னால் எடுபடாது என்கிறார் வக்கீல். மகனை விட்டால் கேஸே இல்லை. அண்ணனை யாருமே கொல்லவில்லை என்று ஆகிவிடும். மாடு முட்டி செத்ததாக எழுதிவிடுவார்கள். அதுவா உங்களுக்கு வேண்டும்?

மகனைப் பறிகொடுத்தால்தான் அந்த ஆளுக்கு உறைக்கும். அது நியாயம் இல்லையென்றால் நியாயம் என்பது என்ன என்று நீங்களே எழுதுங்கள்.

ஜோசப்


மேட்டுக்கழனி
7 செப்டம்பர் 1969

அன்புள்ள ஜோசப்,

நான் ஊருக்கு வந்துவிட்டேன். தாய் வீடு என்றாலும் எத்தனை நாள்? நம் கோயில் உபதேசியார் அரசப்பன் ஊத்துக்கோட்டை போகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கேஸ் போட்டதற்காக ஊர்க்காரர்கள் காலனியையே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், ஊர் தபால் பெட்டி நமக்கு இல்லை. கடையும் இல்லை, கழனி வேலையும் இல்லை, வரப்பில் நடக்கவும் கூடாது. காலனிக் கிணறு வறண்டு கிடக்கிறது. ஆரணியாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு ஊற்றுகிறோம். ஒரு குடம் நிறைவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. இந்தப் பாட்டை எல்லாரும் படுகிறோம். அதில் நான் மட்டும் தனியாகப் படுவது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

போன வாரம் லட்சுமியம்மாள் வந்தார். ஆமாம், பெரிய வீட்டு அம்மாள்தான். வீரராகவனைப் பெற்றவர். காலனிக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. கோயில் வேலி ஓரமாக வந்து, நம் வீட்டு வாசலில் நின்று, "சம்பூர்ணம், உள்ள வரலாமா?" என்று கேட்டார். நம் வீட்டுக்குள் வர அவர் அனுமதி கேட்கிறார்! பாயைப் போட்டேன். உட்கார்ந்தார்.

"சொம்பு இன்னும் மாட்டுக் கொட்டாய்ல கீது. ஊட்டுக்குள்ள எடுத்துக்கினு வரக்கூடாதுன்னு அவுரு சொல்லிட்டாரு. எம்புள்ள இன்னா பண்ணான்னு அத்தப் பார்த்துத்தான் தெரிஞ்சிக்கினேன்" என்றார். காலனிக்காரன் வாய் பட்ட சொம்பு, அதனால் வீட்டுக்குள் போகாது. பார்த்தாயா ஜோசப், நான் கனவு காணவில்லை.

"அப்ப நீங்க கோர்ட்ல வந்து சொல்லுங்களேம்மா" என்றேன்.

"ஊட்டுக்காரரை எதிர்த்துக்கினு நான் எங்கம்மா போவேன்? அவனும் சொல்ல மாட்டான். அங்க இருந்தேன்னு சொன்னா, யாரு அடிக்கச் சொன்னதுன்னும் சொல்லணும்ல? அப்பன் மூஞ்சியப் பார்த்தா அவனுக்கு வாயே தொறக்காது" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

எனக்கு அவரைத் தேற்ற மனமில்லை. என் தாலி போய்விட்டது, உங்கள் பிள்ளை உயிரோடுதானே இருக்கிறான் என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். பிறகு அவர் தண்ணீர் கேட்டார். ஊற்றுத் தண்ணீரை நம் அலுமினிய டம்ளரில் கொடுத்தேன். அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்தே குடித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்படுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

அவர் வந்து போனதை யாரோ பார்த்துவிட்டார்கள். இப்போது காலனி முழுவதும் ஒரே பேச்சு, சம்பூர்ணம் விலை போய்விட்டாள் என்று. செங்கம்மாள் நான் தோண்டிய ஊற்றில் மண்ணைத் தள்ளிவிட்டுப் போகிறாள். அவளோடு நான் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். போன ஞாயிறு போதகர் வந்து இராப்போஜன அப்பமும் ரசமும் கொடுத்தார். நான் போய் முழங்கால் போட்டேன். எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆள் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய் அடுத்த வரிசைக்குக் காத்திருந்தார்கள். ஊர்க்காரன் நம்மை ஒதுக்கினால் அது பழகிப்போன வலி. இது பழகவில்லை.

நான் எப்படி ஜெபிக்கிறேன் என்று தெரியுமா? ஆண்டவரே, எனக்கு ஒரு பொய்யைச் சொல்ல பெலன் தாரும் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டுப் பயந்துபோனேன்.

உன் கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னாய். நியாயம் என்பது என்ன என்று எனக்குத் தெரியாது. அவர்கள் நம்மைப் பற்றிச் சொல்வது பொய். அவர்களைப் பற்றி நாமும் பொய் சொன்னால், உன் அண்ணன் எதைக் கேட்கப்போய் அடிபட்டுச் செத்தார்? கள்ள மரக்காலைத்தானே? நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போயேன்.

சம்பூர்ணம்


கும்மிடிப்பூண்டி
2 நவம்பர் 1969

சம்பூர்ணம் அம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தை வக்கீலிடம் காட்டவில்லை. காட்டினால் உங்களைச் சாட்சியே வேண்டாம் என்று நீக்கிவிடுவார். கடைசி நிமிடத்திலாவது அண்ணன் முகம் உங்கள் கண் முன்னால் வரும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

சொம்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாள் பிள்ளையைக் காப்பாற்ற என்ன வேண்டுமானாலும் சொல்வாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக் காட்டினதும் நீங்கள் உருகிவிட்டீர்கள். அவ்வளவு மலிவா நாம்?

கோயில், முழங்கால், இராப்போஜனம் என்று இனி எனக்கு எழுத வேண்டாம். ஊர்க்காரன் அடிக்கிறான், நாம் மன்னிக்கிறோம். அவன் மறுபடியும் அடிக்கிறான். இந்த விளையாட்டுக்கு நான் வரவில்லை.

கோர்ட்டில் அவன் பெயரைச் சொன்னால் நான் உங்கள் காலில் விழுவேன். சொல்லாவிட்டால் எனக்கு அண்ணி இல்லை.

ஜோசப்


மேட்டுக்கழனி
22 பிப்ரவரி 1970

அன்புள்ள ஜோசப்,

உனக்கு அண்ணி இல்லாமல் போகலாம். எனக்குத் தம்பி இருக்கிறான், அதனால் எழுதுகிறேன்.

நான் கூண்டில் ஏறியபோது உன்னை வெளியே உட்கார வைத்திருந்தார்கள், நீயும் சாட்சி என்று. உள்ளே நான் என்ன சொன்னேன் என்று பிறர் வாயால்தான் நீ கேட்டிருப்பாய். என் வாயால் கேள்.

அரசு வக்கீல் கேட்டார், கூண்டில் நிற்கிற இந்த ஆளைத் தெரியுமா என்று. தெரியும் என்றேன். சம்பவத்தன்று இவரைப் பார்த்தாயா? பார்த்தேன். என்ன செய்தார்? என் புருஷன் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தார் என்றேன். அரசு வக்கீலுக்கு முகம் செத்துப்போனது. அவர்கள் பக்கத்து வக்கீல் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், அவர் துள்ளிக் குதித்து எழுந்தார். "இவர் அன்னைக்கு ஊர்லயே இல்லம்மா! திருவள்ளூர்ல இருந்தாரு! யாரு சொல்லிக்குடுத்தது உனக்கு?" என்று கத்தினார். அவர் எனக்கு எதிராக, இவர் எனக்கு எதிராக. நல்லது செய்தான் என்று சொன்னதற்கு இரண்டு பக்கமும் என்னை அடிக்க வந்தார்கள்.

நீதிபதிதான் அவர்களை உட்காரச் சொன்னார். "அப்படின்னா அடிச்சது யாரும்மா?" என்று கேட்டார். வெளியூர்க்காரர்கள் என்றேன். அடிக்கச் சொன்னது யார் என்றார். பின்னால் பெஞ்சில் மேல்துண்டோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் என்று ராஜமாணிக்கத்தைக் கை நீட்டிக் காட்டினேன். ஒடிந்து சேர்ந்த இந்தக் கையால்தான் காட்டினேன், ஜோசப். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை ஏன் போலீசில் சொல்லவில்லை என்று அவர்கள் வக்கீல் கேட்டார். சொன்னேன், எழுதவில்லை என்றேன். சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது நீயும் உள்ளே இருந்து கேட்டதுதான். சாட்சிகளெல்லாம் முடிந்து நீதிபதி அந்தப் பிள்ளையையே கேட்டார். இந்த அம்மாள் சொல்வது நிஜமா என்று. அவன் தலை நிமிரவில்லை. "நான் அங்க இல்லீங்க. அந்த ஆளை நான் தொட்டதே இல்லீங்க" என்றான்.

நீ அப்போது என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையை எப்படி எழுதுவேன்? கோர்ட்டை விட்டு வெளியே வந்து உன்னைத் தேடினேன். நீ போய்விட்டிருந்தாய். செங்கல்பட்டு ஸ்டேஷனில் நம் காலனிக்காரர்கள் ஒரு பெட்டியில் ஏறினார்கள். நான் வேறு பெட்டியில் ஏறினேன்.

அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு எல்லாமே விட்டுப்போயிற்று. தொட்டதே இல்லையாம். அவன் செய்த ஒரே ஒரு நல்ல காரியத்தை அவனே இல்லை என்று சொல்லிவிட்டான். அதை உண்மை என்று சொல்ல இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம். சில நாள் எனக்கே சந்தேகம் வருகிறது, நீ சொன்னது போல் கனவுதானோ என்று. அப்புறம் அவர் உதடு அசைந்தது ஞாபகம் வருகிறது. இல்லை, கனவில்லை.

என் கூரையில் இரண்டு இடத்தில் கீற்றைப் பிடுங்கிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் இல்லை, நம்மவர்கள். யாரென்று எனக்குத் தெரியும், அதை எழுதமாட்டேன்.

இப்போது நான் எழுதுவதற்கு வேறு காரணம். பட்டறையில் வேலை செய்கிற திருமலை இங்கே வந்திருந்தான். நீ ஒரு இரும்புத் துண்டை உலையில் காய்ச்சித் தட்டி வைத்திருக்கிறாய் என்றும், தீர்ப்பு எப்படி வந்தாலும் வீரராகவன் ஊர் திரும்பமாட்டான் என்று சொல்கிறாய் என்றும் சொன்னான். ஜோசப், உன் காலைப் பிடித்துக்கொள்கிறேன். அவனுக்காக இல்லை. ஒருத்தரைப் புதைத்துவிட்டேன், இன்னொருவரைத் தூக்கில் பார்க்க எனக்கு உயிர் இல்லை. நான் வாழ வந்தபோது நீ டவுசர் போட்ட பையன். அறுப்புப் பண்டிகைக்குக் கோயிலில் வைத்த பூசணிக்காயைத் திருடிவிட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாய். உன் அண்ணன் கம்பை எடுத்துக்கொண்டு வந்தார், நான் மறைத்துக்கொண்டேன். இப்போது நான் எங்கே வந்து மறைத்துக்கொள்வது?

ஆண்டவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. நீயாவது சொல்.

சம்பூர்ணம்


கும்மிடிப்பூண்டி
21 மார்ச் 1970

அண்ணி,

உபதேசியார் தீர்ப்பைச் சொல்லியிருப்பார். விடுதலை. முக்கிய சாட்சியே இவன் அடிக்கவில்லை என்று சொல்லிவிட்டதால் வேறு வழியில்லை என்றார் நீதிபதி. ராஜமாணிக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கோர்ட் வாசலில் அந்த ஆளுக்கு மாலை போட்டார்கள். மகனுக்கு அல்ல, அப்பாவுக்கு. அண்ணனை யாரும் கொல்லவில்லை என்று ஆகிவிட்டது.

திருமலை சொன்னது நிஜம். இரும்பு என் துணிப்பைக்குள் இருந்தது.

வாசலில் வாழ்த்துக் கூச்சல் நடக்கும்போது வீரராகவன் நழுவி, கோர்ட்டுக்குப் பின்பக்கம் போனான். நானும் போனேன். அங்கே ஒரு கை பம்பு இருக்கிறது. ஜெயிலில் இளைத்துப்போயிருந்தான். பம்பை இரண்டு தரம் அடித்துவிட்டு ஓடி வந்து கையை ஏந்தினான். தண்ணீர் நின்றுவிட்டது. மறுபடி அடித்தான், மறுபடி ஓடினான். தனி ஆளாக அந்தப் பம்பில் தண்ணீர் குடிக்க முடியாது. திரும்பினான், என்னைப் பார்த்தான். பையையும் பார்த்தான். அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஓடவில்லை, அண்ணி. நான் என்ன கேட்பேன் என்று காத்திருந்தவன் போல நின்றான். பிறகு அவனே சொன்னான்.

"உங்க அண்ணன் குடிக்கலீங்க. வாயில ஊத்தினது எல்லாம் கழுத்துல வழிஞ்சிடுச்சி."

நீங்க என்றான், என்னை. அந்த வீட்டிலிருந்து நம்மை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. கழுத்தில் வழிந்தது. அண்ணனைத் தூக்கும்போது சட்டைக் காலர் நனைந்திருந்தது. ரத்தம் என்று நினைத்தேன். அது சில்லென்று இருந்தது. ரத்தம் சில்லென்று இருக்காது என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை. அவன் கை அங்கே இருந்தது, அதனால் அடித்தான் என்று முடிவு செய்துவிட்டேன். வேறு மாதிரி அவர்கள் கை நம்மேல் பட்டு நான் பார்த்ததே இல்லையே, அண்ணி.

"இதக் கோர்ட்ல சொல்றதுக்கு இன்னா கேடு உனுக்கு?" என்று கத்தினேன்.

"எங்கப்பா எதிர்லயே உக்காந்துக்கினு இருந்தாரு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். இருபத்தைந்து வயசு ஆம்பளை, அழுதான்.

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. உங்களுக்காகத்தான் கேட்டேன். அண்ணன் உன்னிடம் ஏதாவது சொன்னாரா என்று.

"சொன்னாரு" என்றான். "'நீ போய்டு நைனா. உங்கப்பா பாத்துட்டார்னா உனுக்குத்தான் பேஜாரு' அப்படின்னாரு. அதுக்கப்புறம் பேச்சு இல்ல."

அண்ணி, நீங்கள் ஒரு வருஷமாகத் தேடிய வார்த்தை இதுதான். எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தக் கடைசி மூச்சில் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாதா, என்னைத் தேடியிருக்கக் கூடாதா? அந்த வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டாராம். எனக்கு அண்ணன் மேலேயே கோபம் வந்தது. பம்புக்குப் பக்கத்தில் நின்று செத்துப்போன ஆளைத் திட்டினேன். திட்டத் திட்ட, இது அவர்தான், வேறு யாரும் இப்படிச் சொல்லமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பையனால் இதைக் கட்டிச் சொல்ல முடியாது.

பையைக் கீழே வைத்தேன். பம்பு பிடியைப் பிடித்து அடித்தேன். அவன் என்னையே பார்த்தான். "குடி" என்றேன். குனிந்து குடித்தான். அவன் நிமிரும்வரை அடித்தேன். ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள். அவனை மன்னித்துவிட்டேனா என்றும் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. இதை ஊர் முன்னால் சொல்வாயா என்று கேட்டேன். அப்பன் கூப்பிடுகிற குரல் கேட்டது, முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் என்றைக்காவது சொல்வான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நான் சொல்வேன். செங்கம்மாளிடம், காலனியில் ஒவ்வொரு வீட்டிலும், அண்ணி சொன்னது நிஜம், தப்பாகப் பார்த்தது என் கண் என்று சொல்வேன்.

இரும்பு அந்தப் பம்படியிலேயே கிடக்கிறது. திரும்பி எடுக்கவில்லை.

29-ம் தேதி ஞாயிறு ஈஸ்டர். போதகர் மேட்டுக்கழனிக்கு வருகிறார், இராப்போஜனம் இருக்கிறது என்று உபதேசியார் சொன்னார். சனிக்கிழமை கடைசி பஸ்ஸுக்கு வந்துவிடுவேன். வந்ததும் கூரைக்குக் கீற்று மாற்றித் தருகிறேன். பெரிய வீட்டு ஆட்கள் வரப்பில் மறித்தால் ஆற்றில் இறங்கி வருவேன்.

உங்கள் பக்கத்தில் முழங்கால் போட ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஜெபம் வராது, அண்ணி. பக்கத்தில் இருப்பேன்.

உங்கள் தம்பி,
ஜோசப்